பாதி இக்ளூ: ஆவணப்படத்தில் நடிப்பும் பெயரும்

ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) பற்றிப் பேச்செடுத்தால் நம் சூழலில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் பக்தர். முழுநீள ஆவணப்படத்தின் ஆதி, உள்ளதை உள்ளபடி காட்டிய காமிரா, இத்யாதி. இன்னொருவர் விஷயம் தெரிந்தவர். பக்தர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "அட போங்க, அதெல்லாம் செட்டப்பு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். இருவருக்கும் சண்டை போலத் தெரிந்தாலும் இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்தான். காமிரா முன்னால் நடந்தது தானாக நடந்ததா, நடத்தப்பட்டதா? தானாக நடந்திருந்தால் உண்மை, நடத்தப்பட்டிருந்தால் புனைவு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 'நானூக்' போன்ற ஒரு பிரதியை அளக்க முடியாது என்பதும், அளக்கப் போகையில் முக்கியமான ஒன்று கைநழுவிவிடுகிறது என்பதும் என் கருத்து. அது என்ன என்று சொல்வதற்கு முன் தகவல்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். தகவல் இல்லாமல் கோட்பாடு பேசுவது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு வாய்த்த பழைய வியாதி.

ஃப்ளாஹர்ட்டி சினிமாக்காரராகத் தொடங்கியவர் அல்ல. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் இரும்புத் தாது தேடிப் போன ஆள். 1913-இல் கிளம்பும்போது ஒரு காமிராவையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். அங்கே எடுத்த படச்சுருளை 1916-இல் டொராண்டோவில் வைத்துத் தொகுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய சிகரெட் விழுந்து 30,000 அடி நெகட்டிவ் எரிந்துபோனது. தப்பிய ஒரு பிரிண்டைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அது எடுபடவில்லை, அவருக்கே பிடிக்கவில்லை. இங்கே ஒரு காட்சி அங்கே ஒரு காட்சி என்று கோவை இல்லாத பயணப் படமாக இருந்தது. ஒரு குடும்பத்தை மையத்தில் வைத்துக் கதையாகச் சொன்னால்தான் நிற்கும் என்ற முடிவுக்கு வந்து, விலங்குத் தோல் வணிகம் செய்த ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பணத்தில் 1920-இல் மறுபடி வடக்கே போய் ஓராண்டு தங்கி எடுத்ததுதான் நாம் பார்க்கிற 'நானூக்'. ஆக, கதை கட்டாமல் எடுத்த படம் என்று ஒன்று முதலில் இருந்தது. அது தீயில் போயிற்று, எஞ்சிய பிரதியும் யாரையும் தொடவில்லை. நாம் ஆவணம் என்று கொண்டாடுவது இரண்டாவதை.

அந்த இரண்டாவதில் 'நானூக்' என்பவர் நானூக் அல்ல. அவர் பெயர் அல்லகாரியல்லாக். நானூக் என்றால் பனிக்கரடி. படத்தில் அவருடைய மனைவியராக வரும் பெண்கள் அவருக்கு மனைவியர் அல்லர். இன்றைய இனுக்ஜுவாக், அன்றைய போர்ட் ஹாரிசன் பகுதி இனுயிட் மக்கள் வேட்டைக்குத் துப்பாக்கி பயன்படுத்தத் தொடங்கி வெகுநாளாகியிருந்தது, படத்தில் ஈட்டிதான். துப்பாக்கியை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பழக்கியது தோல் வணிகம். தோல் வணிகத்தின் பணத்தில் எடுத்த படத்தில் துப்பாக்கிக்கு இடமில்லை! வணிக நிலையத்தில் வெள்ளைக்கார வியாபாரி கிராமபோனைச் சுழலவிட, நானூக் வியந்துபோய் இசைத்தட்டை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். கிராமபோன் அவருக்குப் புதிது அல்ல. உறைந்த கடலில் துளை வழியே குத்திய சீலோடு அவர் கயிறு இழுக்கும் புகழ்பெற்ற காட்சியில், கயிற்றின் மறுமுனையை இழுத்தவர்கள் சட்டகத்துக்கு வெளியே நின்ற மனிதர்கள். கடைசியில் வெளியே வரும் சீல் செத்து நேரமாகியிருந்தது.

இவற்றையெல்லாம்விட என்னைப் பிடித்துக்கொண்டது இக்ளூ காட்சிதான். நானூக் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டுகிறார். தெளிந்த பனிக்கட்டி ஒன்றை வைத்து ஜன்னல் செய்கிறார். உண்மையிலேயே கட்டுகிறார், அந்தக் கை வேலையில் நடிப்பு ஏதுமில்லை. ஆனால் வழக்கமான இக்ளூ காமிராவுக்குப் போதாது. உள்ளே வெளிச்சம் கிடையாது, பின்னால் தள்ளி நிற்க இடம் கிடையாது. அதனால் வழக்கத்தைவிட இருமடங்கு பெரிதாகக் கட்டச் சொல்கிறார் ஃப்ளாஹர்ட்டி. கூரை சரிந்து விழுகிறது. மறுபடி கட்டுகிறார்கள், மறுபடி விழுகிறது. ஒருவழியாக நின்றபோது உள்ளே வெளிச்சம் போதவில்லை. கடைசியில் ஒரு பக்கத்தை அப்படியே திறந்துவிட்டார்கள். அந்தப் பாதி வீட்டுக்குள், மேலாடையைக் களைந்துவிட்டுத் தோல் போர்வைக்குள் புகுந்து தூங்குவதாகவும் விழிப்பதாகவும் அந்தக் குடும்பம் நடிக்கிறது. வெளியிலிருக்கும் குளிர் முழுக்க உள்ளேயும் இருக்கிறது. வீடு செட், குளிர் செட் அல்ல. உறக்கம் நடிப்பு, நடுக்கம் நடிப்பாக இருக்க வாய்ப்பில்லை. இந்த ஷாட்டை 'உண்மை' என்ற பெட்டியில் போடுவீர்களா, 'பொய்' என்ற பெட்டியிலா?

செட்டப்பு என்று சிரிப்பவரும் வியந்து நிற்பவரும் ஒன்றுசேர மறந்துவிடுவது, இதையெல்லாம் செய்தவர்களுக்கு இது நடிப்பு என்று தெரியும் என்பதைத்தான். நன்றாகவே தெரியும். எடுத்த படத்தை அங்கேயே கழுவி, அங்கேயே பிரிண்ட் போட்டு, அவர்களுக்கே திரையிட்டுக் காட்டியிருக்கிறார் ஃப்ளாஹர்ட்டி. படச்சுருளைக் கழுவப் பனியை உடைத்துத் துளையிட்டுத் தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள். அந்தத் தண்ணீரில் கலந்துவிடும் உடுப்பின் மயிரைப் பொறுக்கி எடுத்தவர்கள் அவர்கள். காமிராவைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டவும் பழகியிருந்தார்கள். வேட்டையைப் படமெடுக்கும் முன் ஃப்ளாஹர்ட்டி அல்லகாரியல்லாக்கிடம் ஒரு நிபந்தனை வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்: படத்துக்கு இடைஞ்சல் என்றால் வேட்டையை விட்டுவிட வேண்டும். அதற்கு அவர், படம்தான் முக்கியம் என்று ஒப்புக்கொண்டாராம். பசிக்கு வேட்டையாடும் மனிதர் சொன்ன பதில் இது. சினிமா என்றால் என்ன என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இசைத்தட்டைக் கடித்த காட்சியை இப்போது மறுபடி பாருங்கள். 'இயந்திரம் தெரியாத வெகுளி'யின் வேடத்தைத் தன் கூடாரத்துப் படச்சுருளைக் கழுவத் தெரிந்த ஒரு கூட்டத்தின் ஆள் போட்டிருக்கிறார். அசல் நகைச்சுவை நடிப்பு அது. ஆனால் படம் அதை நடிப்பு என்று சொல்லவில்லை; சுபாவம் என்று சொல்கிறது.

ஆக, ஃப்ளாஹர்ட்டி செய்த காரியம் எதார்த்தத்தில் புனைவைக் கலந்தது என்பதல்ல. அந்த மக்களின் புனைவுத் திறனை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அவர்களுடைய கையெழுத்தை அழித்துவிட்டது. கிளாட் மஸோ இனுக்ஜுவாக் போய் எடுத்த 'நானூக் ரீவிசிட்டட்' என்ற படத்தில், ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பழைய படத்தைப் பார்க்கிறார்கள். சீலோடு கயிறு இழுக்கும் இடம் வருகிறது. சிரிக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர்களின் சிரிப்பாக எனக்கு அது படவில்லை. நம்மாள் என்னமா பண்ணியிருக்கார் என்கிற சிரிப்பு. 1922-இல் நியூயார்க் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைக்காமல் போன வாசிப்பு இதுதான்.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. (ஆவணப்படத்தைத் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார் என்று யாரும் மாநாட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.) அகத்திணையியல் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சொல்லி, இரண்டும் சேர்ந்து அமைவதைப் புலனெறி வழக்கம் என்கிறது. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஒரே இடத்தில் நிகழ்ந்தனபோலத் தொகுத்துச் சொல்வதுதான் நாடக வழக்கு என்று இளம்பூரணர் விளக்குகிறார். எடிட்டிங் மேசைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்குமா என்று தெரியவில்லை. நாடகமும் உலகியலும் கலப்பது அங்கே குற்றமல்ல, இலக்கணம். குற்றம் வேறிடத்தில் வருகிறது. அன்பின் ஐந்திணையில் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சுட்டக் கூடாது. பெயர் வந்துவிட்டால் பாட்டு அகம் அல்ல, புறம். நெடுநல்வாடையில் பிரிந்திருக்கும் அரசியும் பாசறையில் தூங்காத அரசனும் வருகிறார்கள், யாருக்கும் பெயரில்லை. ஆனால் வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளமாயிற்றே என்று நச்சினார்க்கினியர் அதைப் புறத்துக்குத் தள்ளிவிடுகிறார். ஒரு தழை போதும்! மிகையான கெடுபிடி என்று வகுப்பறையில் நாங்கள் கேலி பேசியதுண்டு. இப்போது யோசித்தால் அந்த உரையாசிரியரின் பதற்றத்தில் ஒரு நியாயம் தெரிகிறது. பெயரற்ற கூற்று யாரையும் கட்டுப்படுத்தாது. பெயரோ அடையாளமோ ஒட்டிய மறுகணம் அது ஓர் ஆள்மீது சொல்லப்பட்ட செய்தி ஆகிவிடும். அந்த ஆள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவார்.

ஃப்ளாஹர்ட்டி இதைத் தலைகீழாகச் செய்தார். ஒரு பொதுமாந்தரைப் புனைந்தார்; அதற்கு ஒரு பெயரைச் சூட்டினார்; அந்தப் பெயரை இருக்கிற ஒரு மனிதர்மேல் ஒட்டினார். அல்லகாரியல்லாக் என்ற பெயர் மறைந்தது. அந்த மனிதரின் சாவுகூட நானூக்கின் சாவாகத்தான் உலகத்துக்குப் போனது. படம் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அவர் இறந்துபோனார். மான் வேட்டைக்கு உள்நாட்டுக்குப் போய்ப் பட்டினியால் செத்தார் என்று ஃப்ளாஹர்ட்டி சொன்னதே நெடுங்காலம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. வீட்டிலேயே, அநேகமாகக் காசநோயால், இறந்தார் என்பது பிற்கால ஆய்வாளர்கள் சொல்வது. கதாநாயகனுக்குப் பொருத்தமான சாவு பட்டினிதான். வெளியிலிருந்து வந்து அந்த மக்களைத் தின்ற காசநோய்க்குப் படத்தில் இடமில்லையே.

இந்த வகைப் படத்துக்கு ஆங்கிலத்தில் இன்றிருக்கும் பெயர் நிலைபெற்றது ஜான் கிரியர்சனால். ஃப்ளாஹர்ட்டியின் அடுத்த படமான 'மொவானா'வுக்கு 1926-இல் எழுதிய மதிப்புரையில் அவர் அச்சொல்லைப் பயன்படுத்தினார். நிஜத்தைப் படைப்பாக்கத்தோடு கையாளுதல் என்ற பொருளில் பின்னால் அவர் தந்த வரையறையில் 'படைப்பாக்கம்' தயக்கமில்லாமல் உள்ளே இருக்கிறது. ஃப்ளாஹர்ட்டியும் கடைசிவரை மாறவில்லை. அயர்லாந்தை ஒட்டிய தீவில் எடுத்த 'மேன் ஆஃப் ஆரன்' (1934) படத்தில் குடும்பமாக வருபவர்கள் குடும்பம் அல்லர், அந்தத் தீவினர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட சுறா வேட்டையைப் படத்துக்காக மறுபடி கற்றுக்கொண்டார்கள். எனவே ஆவணப்படம் பிற்காலத்தில் 'கெட்டுப்போய்'ப் புனைவுக்குள் விழுந்துவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அது பிறந்த வீடே அதுதான்.

சரி, மறைத்ததுதான் கோளாறு என்றால் காமிராவையும் காட்டிவிட்டால் தீர்ந்ததா? நேர்மையான படம் தன் தையலை வெளியே காட்டும் என்ற வாதம் நமக்கெல்லாம் பழக்கமானது. அப்பாஸ் கியரோஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990) இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் படம். தன்னை இயக்குநர் மக்மல்பாஃப் என்று சொல்லிக்கொண்டு டெஹ்ரானில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த சப்ஸியான், ஏமாந்த குடும்பம், நிஜ மக்மல்பாஃப் என்று எல்லோரும் அவரவராகவே நடிக்கிறார்கள். நடிப்பு ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. கடைசியில் மக்மல்பாஃபும் சப்ஸியானும் சந்திக்கும்போது ஒலிவாங்கி பழுதாகி அவர்கள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. படக்குழு புலம்புவதும் நமக்குக் கேட்கிறது. நிஜம் தன்னிச்சையாக உள்ளே புகுந்துவிட்டது என்று நாம் சிலிர்த்துப்போகும் இடம். அந்தப் பழுது கியரோஸ்தமி வேண்டுமென்றே செய்தது. நம்மூரில் 'படம் காட்டாதே' என்பார்களே, அந்தப் பொருளில் தையலைக் காட்டுவதும் ஒரு படம் காட்டல்தான். இதற்காக எனக்கு 'குளோஸ்-அப்'பின் மேல் மதிப்புக் குறையவில்லை. அந்தத் தந்திரத்தால் சப்ஸியானுக்கு நஷ்டம் ஏதுமில்லை. அவருடைய அந்தரங்கமான பேச்சு நம் காதிலிருந்து காப்பாற்றப்பட்டது. ஃப்ளாஹர்ட்டியின் தந்திரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் வித்தியாசம் புரியும். புனைவின் அளவை விடுங்கள். அது யார் தலையில் போய் விடிகிறது என்று பாருங்கள்.

இனுக்ஜுவாக்கில் அது விடிந்தது 1953-இல். தோல் விலை வீழ்ந்து மக்கள் அரசு உதவியை நம்பி வாழத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் மறுபடி வேட்டையாடித் தற்சார்பாக வாழ வேண்டும் என்று கனடா அரசு ஒரு திட்டம் போட்டது. அதன்படி அந்த ஊரிலிருந்து குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே, எல்லஸ்மியர், கார்ன்வாலிஸ் தீவுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1955-இல் இன்னும் சில குடும்பங்கள். மொத்தத்தில் சுமார் 90 பேர். ஆள்நடமாட்டம் இல்லாத வடதீவுகளில் குடிமக்களை வைத்துக் காட்டித் தன் இறையாண்மையை நிறுவுவதே உண்மையான நோக்கம் என்று பின்னால் வலுவான குற்றச்சாட்டு எழுந்தது. கப்பலில் போகும் வழியில்தான், எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகவில்லை, உறவினர்களைப் பிரித்து வேறுவேறு தீவுகளில் விடப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. விரும்பினால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காற்றோடு போயிற்று. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத இடம். இனுக்ஜுவாக் தெற்கே இருப்பதால் அப்படிப்பட்ட இருட்டை அவர்கள் பார்த்ததே இல்லை. வேட்டை விலங்குகள் வேறு, கடல் வேறு. இக்ளூ கட்டத் தோதான பனி சேரும்வரை கூடாரத்தில் கிடந்தார்கள். ரெசல்யூட்டில் இறக்கப்பட்டவர்கள் அங்கிருந்த ராணுவத் தளத்தின் குப்பைமேட்டில் உணவு பொறுக்கியதைச் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சினிமாதான் இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது என்னுடைய புனைவாகிவிடும். ஆனால், இனுயிட் என்றால் பனி, பனி என்றால் எல்லாம் ஒரே பனி, துப்பாக்கியும் கடையும் வணிகமும் அவர்களுடைய 'இயற்கை'யைக் கெடுத்த அந்நியச் சரக்கு, இன்னும் வடக்கே தள்ளிவிட்டால் பழையபடி சிரித்துக்கொண்டே வேட்டையாடுவார்கள் — இப்படி ஒரு பிம்பம் இல்லாத மண்டைக்குள் அந்தத் திட்டம் நியாயமாகத் தோன்றியிருக்காது. படத்தில் துப்பாக்கியைச் சட்டகத்துக்கு வெளியே வைத்ததும், திட்டத்தில் கடையைச் சட்டகத்துக்கு வெளியே வைத்ததும் ஒரே கதையாடலின் இரண்டு பிரதிகள். முதல் பிரதியில் நடித்தவர்கள் ஷாட் முடிந்ததும் வீட்டுக்குப் போக முடிந்தது.

1955-இல் கப்பலேறியவர்களில் ஜோசப்பி என்ற 33 வயது மனிதர் இருந்தார். அவர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் மகன். படப்பிடிப்பு முடிந்து ஃப்ளாஹர்ட்டி ஊரைவிட்டுப் போன சில மாதங்களில், 1921-இன் இறுதியில், ஓர் இனுயிட் பெண்ணுக்குப் பிறந்தவர். தகப்பன் அவரை வந்து பார்க்கவில்லை, மகன் என்று வெளியில் சொல்லவும் இல்லை. ஜோசப்பியின் மகள் மார்த்தா சிறுமியாக அந்தக் கப்பலில் போனவர். அவரை மையமாக வைத்து 'மார்த்தா ஆஃப் தி நார்த்' என்று ஓர் ஆவணப்படம் 2009-இல் வந்தது. தலைப்பே ஒரு விமர்சனக் கட்டுரை. அரசு 2010 ஆகஸ்டில் இனுக்ஜுவாக் போய் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பட்டியலில் முதல் 25 படங்களுள் ஒன்றாக 'நானூக்' 1989-இலேயே சேர்ந்துவிட்டிருந்தது.

இதற்கெல்லாம் இனுயிட் கலைஞர்களின் எதிர்வினை, இனிமேல் உள்ளதை உள்ளபடிதான் எடுப்போம் என்பதாக இருக்கவில்லை. இதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான விஷயம். இக்ளூலிக்கைச் சேர்ந்த சக்கரியாஸ் குனுக் கல் சிற்பம் செதுக்கி விற்றவர். அந்தப் பணத்தில் 1981-இல் ஒரு வீடியோ காமிரா வாங்கினார். அவரும் நண்பர்களும் எடுத்த 'நூனவுட்' என்ற 13 பகுதித் தொடர் (1994-95) 1940-களின் நடுப்பகுதி வாழ்க்கையைத் திரும்ப நடித்துக் காட்டுகிறது. ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள், முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு. பழைய உடுப்பு, பழைய சறுக்குவண்டி, கட்டப்படும் இக்ளூ. ஃப்ளாஹர்ட்டியின் உத்தி அப்படியே. விஷயம் தெரிந்த நம் நண்பர் பார்த்தால் இதுவும் செட்டப்புதான். ஆனால் எது பழசு, எது இன்றைக்கு, யார் யாராக நடிக்கிறார் என்பது நடிப்பவருக்கும், அவர் மொழியில் அதைப் பார்ப்பவருக்கும் ஒருசேரத் தெரியும். பிறகு வந்த கதைப்படமான 'அட்டனர்ஜுவாட்' (2001) கேன்ஸில் பரிசு பெற்றது. பனிப்பரப்பில் அம்மணமாக உயிருக்கு ஓடுகிற நாயகனை அதில் மறக்க முடியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது காமிராவும் படக்குழுவும் வேலை செய்கிற காட்சிகள் வருகின்றன. பெயர்களும் கூடவே வருகின்றன, அவரவர் சொந்தப் பெயர்கள்.

குனுக் 2009-இல் 'எக்ஸைல்' என்று இன்னொன்று எடுத்தார். மேலே சொன்ன கப்பல் பயணத்தைப் பற்றியது. அதில் மறுநடிப்பை நம்பி அவர் நிற்கவில்லை. வடக்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள், இப்போது வயதானவர்கள், காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து தங்கள் மொழியில் பேசுகிறார்கள்.